கோட்டை நாய்களுக்கு வைத்த கறி

ஜூன் 1, சனி

ஆறு வருடமாக ஆடுகிற ஆட்டத்தில் எந்த ராஜாவுக்கு எந்த மகன், எந்தக் கதவை யார் உடைத்தார்கள் என்பதெல்லாம் எனக்கே குழம்பத் தொடங்கிவிட்டது. அதனால்தான் இந்த நோட்டு. ஆட்டக் குறிப்புகளை மட்டும் எழுதுவதாகத்தான் எண்ணம். வேறு எதுவும் வந்து விழுந்தால் விழட்டும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு நான் எங்கே போகிறேன் என்பது என் மாமியாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. சீட்டாடுகிறேன் என்று நினைக்கிறார். சீட்டு இல்லை. நான் கதை சொல்வேன். மற்ற மூன்று பேரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசுவார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது பக்கப் பகடையை உருட்டுவோம். அவ்வளவுதான். ஆட்டத்தை நடத்துகிறவன் என்பதால் ஹாரூன் எனக்குக் 'கண்டக்டர்' என்று பேர் வைத்திருக்கிறான். அவன் கல்லூரியில் இயற்பியல் வாத்தியார், ஆட்டத்தில் மந்திரவாதி. ஜெயசீலி பல் டாக்டர், ஆட்டத்தில் வெண்கவசம் போட்ட வீராங்கனை. பரணிதரன் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், ஆட்டத்தில் திருடன். சங்க அறையின் சாவி அவனிடம் இருப்பதால்தான் எங்களுக்கு மேசையும் ஃபேனும் ஃபிரிட்ஜும் வாய்த்திருக்கின்றன.

அந்த அறை அலமாரியில் பரணி ஒரு தாள் ஒட்டியிருக்கிறான்: 'மேசையில் பேசியதை லிஃப்ட்டில் பேசக்கூடாது.' மூன்று வருடத்துக்கு முன் ஹாரூனின் மந்திரவாதி ஜெயசீலியின் குதிரையை விற்றுவிட்டான். அதற்காக இரண்டு பேரும் நிஜத்தில் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அப்போது வந்த சட்டம் இது. பாத்திரம் பேசுவதை ஆளின் தலையில் கட்டக்கூடாது.

இன்று ஆட்டத்தில் மனம் நிற்கவில்லை. என் மகள் தன்வியை நாய் கடித்துப் பதினொரு நாள் ஆகிறது.

ஜூன் 4, செவ்வாய்

நாலாவது ஊசி. தன்விக்கு எட்டு வயது. முதல் மூன்று ஊசிக்கும் அழுதாள். இன்று அழவில்லை, வாயைத் திறக்கவே இல்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று பால் வாங்கிவிட்டு இருவரும் வந்துகொண்டிருந்தோம். கம்பெனியிலிருந்து போன். பம்ப் ஒரு லாட் முழுக்கக் கசிகிறது என்று கத்தினார்கள், தரச் சோதனை என் பொறுப்பு, நானும் கத்தினேன். தன்வி பத்தடி பின்னால் இருந்தாள். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் படுத்திருக்கும் ஏழு நாய்களில் ஒன்று, காது கிழிந்த செவலை, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. கல்லெடுத்து விரட்டியது வாட்ச்மேன் சின்னராசு அண்ணன். நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. தன்வி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனது ஜெயசீலி. அந்த நாய்களுக்குத் தினமும் சோறு போடுகிறவளும் அவள்தான்.

ஜூன் 8, சனி

ஆட்டம் இன்று சூடு பிடித்தது.

கருங்குன்றக் கோட்டைக்குள் ஊர்க் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறான் கோட்டைத் தலைவன். உள் முற்றத்தில் பன்னிரண்டு வேட்டை நாய்கள். அவற்றைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. நாய்களை ஏன் வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கோட்டை என்றால் நாய் இருக்கும்.

பரணி உடனே சொன்னான்: "வாள எடுத்துட்டுப் போனா மூணு பேருக்கும் சங்குதான். கறியில விஷத்தக் கலந்து வச்சிருவோம்."

"என் ஆளு ஒத்துக்கமாட்டா" என்றாள் ஜெயசீலி.

"ஏன்? போன மாசம் பாலத்துல நாப்பது பூதத்த உயிரோட கொளுத்தினோம். தப்பிச்சு வந்ததையெல்லாம் வாசல்ல நின்னு வெட்டினது நீ. அதுக்குப் பட்டம் வேற வாங்கின. தீயில வெந்து செத்தா தருமம், கறி தின்னு செத்தா அதருமமா?"

ஹாரூன் மேசையைத் தட்டிச் சிரித்தான். ஜெயசீலி சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "வாளோட போனா எதிராளி என்னைப் பார்ப்பான். ஓடலாம், மண்டி போடலாம், என்னையே வெட்டலாம். எனக்கும் கடைசி நொடியில கையை இழுத்துக்க ஒரு வழி இருக்கு. விஷத்துல அது கிடையாது. வச்சுட்டு நான் வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சிட்டிருப்பேன், அங்க அது செத்துட்டிருக்கும்."

"செத்தது செத்ததுதான்."

"இல்ல பரணி. விஷம் வைக்கணும்னா முதல்ல நம்ம கையால வாங்கித் தின்னணும். நம்பினாத்தானே தின்னும். நாம ஆயுதமா எடுக்கிறது அந்த நம்பிக்கையைத்தான். அதைவிடக் கேவலம் ஒண்ணும் இல்ல."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். விதிப்புத்தகம் என்ன சொல்கிறது கண்டக்டர் என்றான் ஹாரூன். சத்தியம் செய்த வீரர்கள் விஷத்தைத் தொட்டால் அருளை இழப்பார்கள், திருடர்களுக்கு அந்தத் தடை இல்லை, இதுதான் புத்தகத்தில் இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. "என் உலகத்துல எந்தச் சாமியும் மேலிருந்து பார்த்துட்டு இல்ல. பகடை விழுந்தா விழுந்ததுதான்" என்றேன். அடுத்த வாரம் வாக்கெடுப்பு என்று நிறுத்தினேன்.

பரணி வாதத்துக்காக வாதம் செய்கிறவன். சொன்னால் அடுத்த வாரமே ஜெயசீலியின் கட்சியில் உட்கார்ந்து இதே வேகத்தில் பேசுவான். ஆனால் அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. செத்தது செத்ததுதானே.

ஜூன் 9, ஞாயிறு

சங்கக் கூட்டம். சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் சட்டமாம். "கடிச்ச நாயையுமா?" என்று மேகலா எழுந்து கேட்டாள். வெறி இல்லாத நாய் என்றால் அதையும்தான் என்றார். என் மனைவி பொதுவில் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.

நாய்களை அகற்றச் சொல்லி அறுபத்திரண்டு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனுவைச் செயலாளர் என்ற முறையில் பரணி படித்தான். ஜெயசீலி ஒருத்திதான் எதிர்த்துப் பேசினாள். "அதோட காதை யாரோ கிழிச்சிருக்காங்க. பின்னால கத்தினா அது பயப்படுது. அதுக்கு வைத்தியம் பார்க்க நான் பொறுப்பு" என்றாள். யாரோ கெக்கலித்தார்கள். கூட்டம் முடிந்ததும் பரணி அவளிடம் போய், "செயலாளர்னு படிச்சேன், மனசால படிக்கல" என்றான். அவள் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

கத்தியது நான்தான். போனில்.

ஜூன் 11, செவ்வாய்

நேற்று பள்ளி திறந்தது. கேட்டுக்கு வெளியேதான் பள்ளி வேன் நிற்கும். தன்வி லிஃப்ட்டிலிருந்து இறங்க மறுத்தாள். தூக்கிக்கொண்டு போனேன். என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இன்றும் அப்படியே. வேனிலிருந்த பிள்ளைகள் பார்த்துச் சிரித்தன.

"இப்படியே எத்தன நாளைக்குங்க தூக்கிட்டுப் போவீங்க?" என்றாள் மேகலா. "நீங்க எதாச்சும் பண்ணுங்க. எனக்கு வேற யாருங்க இருக்கறா, சொல்றதுக்கு?"

ஜூன் 13, வியாழன்

வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கடையில் நின்றேன். ஸ்டோர் ரூமில் எலித் தொல்லை.

ஜூன் 14, வெள்ளி

"நம்ம வீட்ல ஏதுங்க எலி?" என்றாள் மேகலா, மருந்துப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு. கார் நிறுத்தும் இடத்தில் பார்த்தேன் என்றேன். இன்று நூறு பம்ப்பில் பதினொன்றைத் திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 15, சனி

வாக்கெடுப்பு. பரணி விஷத்துக்கு. ஜெயசீலி எதிர்ப்பு. ஹாரூன் இழுத்தான். "குழந்தைகளை மீட்கணும். நாய் பாவம்தான். ஆனா குழந்தை பெருசு" என்றான். இரண்டுக்கு ஒன்று.

கறியை யார் உள்ளே கொண்டு போவது என்று அடுத்த கேள்வி. பரணி அதற்கும் வழி வைத்திருந்தான். கோட்டைச் சமையல்காரி ஒருத்தி தினமும் நாய்களுக்கு உணவு வைப்பாள். நாய்கள் அவளை நம்பும். அவளுக்கே தெரியாமல் அவள் பாத்திரத்தில் கலந்துவிட்டால் வேலை முடிந்தது.

ஜெயசீலிக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ என்ன பாவம் பண்ணினா? அவ கையால கொல்ல வைக்கிறீங்க. காலையில அவளத்தான் தூக்குல போடுவாங்க."

"அதெல்லாம் கதையில இல்ல" என்றேன் நான்.

"இல்லைன்னா நீ வை. நீதானே கண்டக்டர். அவளுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லாம நான் அடுத்த கதவுக்கு வரமாட்டேன்."

"ஒண்ணும் ஆகல. அவளுக்குக் கடைசிவரைக்கும் தெரியவே தெரியாது. யாரும் அவளைச் சந்தேகப்படல."

பரணி பகடையை உருட்டினான். பத்தொன்பது. நாய்கள் எப்படிச் செத்தன என்று ஹாரூன் கேட்டான். நான் வர்ணித்தேன்: சத்தமே இல்லை, ஒவ்வொன்றாகத் தலையைக் காலில் சாய்த்துக்கொண்டன, தூங்குவது போல இருந்தது.

குழந்தைகள் மீட்கப்பட்டார்கள். மூன்று பேருக்கும் அடுத்த நிலை கொடுத்தேன். ஜெயசீலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

ஐந்தாவது ஊசி. முடிந்தது.

மாலை ஜெயசீலி வீட்டுக்கு வந்தாள். நாகர்கோவிலில் சித்தி மகளுக்குக் கல்யாணம், நாளை கிளம்பி ஞாயிறு காலை திரும்புவாளாம். வியாழனும் வெள்ளியும் நாய்களுக்கு நான் சோறு வைக்க முடியுமா என்று கேட்டாள். கோழியும் சோறும் வேக வைத்து இரண்டு தூக்குச்சட்டியில் சங்க அறை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாளாம். சமைத்தது சனிவரை தாங்காது, அன்றைக்கு மட்டும் சின்னராசு அண்ணனிடம் பிஸ்கட் கொடுத்திருக்கிறாளாம்.

"உன்கிட்டக் கேக்கறது சரியில்லைன்னு தெரியும். தன்விக்கு நடந்தப்புறம். ஆனா வேற யார்கிட்டக் கேட்டாலும் போடறேன்னு சொல்லிட்டுப் போடமாட்டாங்க. நீ சொன்னா செய்வே."

மேகலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் சரி என்றேன்.

ஜூன் 20, வியாழன்

சோறு வைத்தேன். ஏழும் வந்தன. முதலில் தள்ளி நின்று பார்த்தன. ஜெயசீலியின் தூக்குச்சட்டியைப் பார்த்ததும் வால் ஆடியது. செவலை என் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைத்தது. ஒரு வெள்ளைக் குட்டி நக்கி முடித்த தட்டை இழுத்துக்கொண்டு ஓடியது. சின்னராசு அண்ணன் சிரித்தார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

ஐந்து மணிக்குச் சங்க அறைக்குப் போனேன். பரணி இருந்தான். சட்டியை எடுத்தேன். ஸ்டோர் ரூமில் கொஞ்சம் வேலை இருந்தது. ஐந்தரைக்குச் சோறு வைத்தேன். செவலை கடைசியாக வந்தது, மற்றவை அதற்கு அதிகம் மிச்சம் வைக்கவில்லை.

கை கழுவினேன். "எத்தனவாட்டிங்க கழுவுவீங்க?" என்றாள் மேகலா.

ஜூன் 22, சனி

ஆறு நாய்கள் செத்துவிட்டன. செவலை மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. தன்வியைக் கடித்தது எதுவோ அது.

தூங்குவது போல இல்லை. விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டதாம். நான் எதுவும் கேட்கவில்லை, நன்றாகத் தூங்கிவிட்டேன் என்று கீழே எல்லோரிடமும் சொன்னேன். மேகலா தன்வியின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். சின்னராசு அண்ணன் வேட்டியில் முகத்தைத் துடைத்துக்கொண்டே தண்ணீர் கொண்டு போய்க் கொண்டு போய் வைத்தார். அந்த வெள்ளைக் குட்டி தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

இன்று ஆட்டம் இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

ஜெயசீலி வந்துவிட்டாள். பேருந்திலிருந்து நேராக டிரான்ஸ்பார்மருக்குப் போயிருக்கிறாள், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. செவலையை விலங்கு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு என்னிடம் வந்தாள். வாசலில் நின்றபடியே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உன் கையால வச்சிட்டோமேன்னு நினைக்காதே. நீ என்ன பண்ணுவே? எவனோ சட்டியில கலந்து வச்சிருக்கான். உன்னைக் கொண்டு செஞ்சிருக்கான், பாவி. உன்னை இதுக்குள்ள இழுத்து விட்டதுக்கு நான்தான் மன்னிப்புக் கேக்கணும்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. என்ன அது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜூன் 25, செவ்வாய்

விலங்கு நல அமைப்பு ஒன்று புகார் கொடுத்திருக்கிறது. போலீஸ் வந்தது. நான் எடுத்தேன், வைத்தேன், இதுதான் நான் சொன்னது. சட்டி எங்கே இருந்தது? சங்க அறையில். சாவி யாரிடம்? செயலாளரிடம். வெள்ளி மதியம் அறையில் யார்? செயலாளர், மூன்று மணியிலிருந்து. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

மாலை ஹாரூன் எனக்குப் போன் செய்தான். "கண்டக்டர், பரணி அண்ணன் அன்னிக்கு மேசையில என்ன சொன்னாரு? அவளுக்கே தெரியாம அவ பாத்திரத்துல கலக்கணும்னு சொன்னாரு. அப்படியே நடந்திருக்கு. அப்படியே!"

அது பாத்திரம் பேசியது என்று நான் சொல்லியிருக்கலாம். "எனக்கும் ஒண்ணும் புரியல" என்றேன்.

ஜூன் 29, சனி

நாலு மணிக்குச் சங்க அறை. ஆட்டத்துக்கு இல்லை. ஜெயசீலிதான் வரச்சொன்னாள். பரணி எப்போதும் போல முறுக்குப் பொட்டலத்தோடு வந்தான். யாரும் எடுக்கவில்லை.

"செத்தது செத்ததுதான், இல்லையா பரணி?" என்றாள் அவள்.

அவனுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. "ஏட்டி, அது ஆட்டம்" என்றான். "திருடன் பேசினது. நான் பேசல."

"மனுவும் திருடன்தான் படிச்சானா? சாவியும் அவன்கிட்டத்தான் இருந்துச்சா?"

"நான் தொடல. என் பிள்ளைங்க மேல சத்தியமாச் சொல்லுதேன்."

ஹாரூன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரணி என் பக்கம் திரும்பினான். "திருமூர்த்தி, நீ சொல்லு. ஆறு வருஷமா இந்த மேசையில நான் எத்தன கொலை பண்ணிருக்கேன்? ஒரு எறும்ப மிதிச்சிருப்பேனா?"

ஆட்டத்தில் நடத்துகிறவனுக்குப் பாத்திரம் கிடையாது. அவன் பேசினால் அது தீர்ப்பு. அதனால்தானோ என்னவோ எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாகப் போட்டேன், மொத்தம் ஏழு. போட்டு முடிப்பதற்குள் பரணி எழுந்து போய்விட்டான்.

ஜூலை 3, புதன்

பரணி செயலாளர் பதவியை விட்டுவிட்டான். ஸ்டேஷனுக்கு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் மனைவி லிஃப்ட்டில் ஏறினால் மற்றவர்கள் இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கதவில் யாரோ நாயின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். அவன் மேசையில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் லிஃப்ட்டில் பேசப்படுகிறது. ஹாரூன் ஒருவனிடம் சொல்லி, அவன் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறான்.

இன்று காலை லிஃப்ட்டில் நானும் பரணியும் மட்டும் இருந்தோம். ஏழு மாடி. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

தன்வி இப்போது நடந்தே வேனுக்குப் போகிறாள். இது நடந்திருக்கிறது, இதையும் எழுத வேண்டும். காலையில் மேகலா தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "அப்பா, என்னைக் கடிச்சது செவலதானே?"

"ஆமா சாமி."

"அது மட்டும் உசுரோட இருக்குதாம். மத்ததெல்லாம் ஏம்ப்பா செத்துச்சு? அதெல்லாம் என்னைய ஒண்ணுமே பண்ணலையே."

மேகலாவின் கை பின்னலில் நின்றுவிட்டது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தன்வி விளையாடப் போனதும் மேகலா கேட்டாள்: "அந்த எலி மருந்து மிச்சம் இருக்குதுங்களா?"

"இல்ல."

அவள் தலையாட்டினாள். இட்லி ஆறிவிட்டது, சூடாக வேறு வைக்கட்டுமா என்றாள்.

ஜூலை 13, சனி

மேகலாவும் தன்வியும் கடைக்குப் போயிருந்தார்கள். பரணி வந்தான்.

"உள்ள வரலாமா? இல்ல விஷக்காரன்னு வாசல்லயே நிறுத்திருவியா?"

உட்காரச் சொன்னேன். அவன் ஆபீஸின் ஓசூர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டானாம். நாளை சாயங்காலம் வண்டி வருகிறது. தண்ணீர் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே பேசினான், குடிக்கவில்லை.

"அந்த வெள்ளிக்கிழமை நான் தண்ணி லாரி வர நேரத்தையெல்லாம் எழுதிட்டிருந்தேன். நாலரைக்குத் தண்ணி எடுக்க ஃபிரிட்ஜத் திறந்தேன். ஜெயசீலி வச்ச தூக்குச்சட்டி இருந்துச்சு. என் வீட்டுல முட்டை ஓடு கூட வரக்கூடாது, உனக்குத் தெரியும். திறந்து ரெண்டு துண்டு கோழி எடுத்துத் தின்னேன்லே. உப்புமில்ல, ஒரப்புமில்ல. நாய்க்கு வச்சதத் திருடித் தின்னுதோமேன்னு எனக்கே சிரிப்பு."

நான் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

"அரை மணிநேரம் கழிச்சு நீ வந்த. சட்டிய எடுத்துட்டுப் போன. நடுவுல யாரும் வரல. நான் எடத்த விட்டு எந்திரிக்கல." தம்ளரை மேசையில் வைத்தான். "எனக்கு ஒண்ணும் ஆகல, பாரு. நல்லாத்தான் இருக்கேன்."

"போலீஸ்ல ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கு உறைத்தது. அவனுக்கும் உறைத்தது.

"சொன்னா மிச்சம் இருக்கது நீ ஒருத்தன்தான். உன் மக மொகத்த நெனச்சேன். ஊரு சொல்லுதுக்கு முன்னால அவ அப்பன் வாயாலயே சொல்லிருவான்னு நெனச்சேன். மூணு வாரம் பாத்துட்டேன்லே. எங்கூட லிஃப்ட்டுல ஏறின, எறங்கின." கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "நான் மேசையில ஆயிரம் பேசுவேன். பேசத்தான அங்க வந்தேன்? நீ ஒரு வார்த்தை பேசாம உக்காந்து கேட்டுட்டு, போய்ச் செஞ்சிட்ட."

பிறகு எழுந்தான். "ஜெயசீலிகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா தப்பிக்கச் சொல்லுதான்ம்பா. நாளைக்கு வண்டி கெளம்புறதுக்கு முன்னால சொல்லிட்டா என் வீட்டுக்காரி அந்த வாசல் வழியா தல நிமிந்து போவா. வேற ஒண்ணும் கேக்கல."

தன்வியைக் கடித்தபோது நீ இருந்தாயா, அந்த நாய்களைத் தாண்டித் தினமும் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாயா என்றெல்லாம் கேட்க என்னிடம் நிறைய இருந்தது. அவன் போன பிறகு கேட்டேன். நாளை சொல்லிவிடுவேன். எழுதியும் வைக்கிறேன், மாறக்கூடாது என்பதற்காக: நாளை சொல்லிவிடுவேன்.

ஜூலை 14, ஞாயிறு

நாலு மணிக்கு ஜெயசீலி வீட்டுக்குப் போனேன். கீழே லாரி வந்து நின்றுவிட்டது. பரணியின் பீரோவை நாலு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்ததும், "நல்லவேளை வந்தே" என்றாள். கூடத்தில் பழைய போர்வை மேல் செவலை கிடந்தது. எலும்பும் தோலும். பின்னங்கால் ஒன்று இழுத்துக்கொண்டுவிட்டது. வியாழக்கிழமைதான் மருத்துவமனையிலிருந்து கூட்டி வந்தாளாம்.

"ஜெயா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "பரணி..."

"அவன் பேச்சை எடுக்காதே. இன்னிக்கு ஒரு நாள் வேண்டாம். இதைப் பாரு முதல்ல." செவலைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு ரொட்டித் துண்டை நீட்டினாள். அது அவள் கையைப் பார்த்துவிட்டு நடுங்கிக்கொண்டு சுவரோடு ஒட்டியது. "நாலு வருஷம் சோறு போட்டிருக்கேன். இப்ப என் கையைக் கண்டாலே இப்படி. என் சட்டியில வந்ததுதானே, நான்தான் கொடுத்தேன்னு நினைக்குது. நாலு நாளா ஊசிக் குழாயில பால் ஊத்திட்டிருக்கேன். தானா தின்னலைன்னா பிழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு ரொட்டியை என் கையில் வைத்தாள். "நீ கொடுத்துப் பாரேன்."

வேண்டாம் என்றேன். கெஞ்சினாள். குனிந்தேன். செவலை என்னையே பார்த்தது. மெதுவாகத் தலையை முன்னால் கொண்டு வந்தது. என் விரல்களை முகர்ந்தது. ஒவ்வொரு விரலாக முகர்ந்தது. கடிக்கட்டும் என்று மனதார நினைத்தேன், கடித்துவிடு என்று.

ரொட்டியை வாங்கித் தின்றது. தின்றுவிட்டு என் உள்ளங்கையை நக்கியது. வால் இரண்டு முறை தரையில் அடித்தது.

ஜெயசீலி ஓ என்று அழுதுவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "பாத்தியா, உன்னை நம்புது! உன்னை மட்டும் நம்புது!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இன்னொரு துண்டு எடுத்துக் கொடுத்தாள். அதையும் தின்றது.

கீழே லாரியின் பின்கதவு மூடுகிற சத்தம் கேட்டது. பால்கனியிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். பரணியின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு காரில் ஏறினாள். பரணி ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி நின்று மேலே, இந்தப் பால்கனியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். ஜெயசீலி போய்த் திரையை இழுத்து விட்டாள்.

"என்னமோ சொல்லணும்னியே?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அது தேறுகிறவரை தினமும் ஒரு வேளை வந்து கொடுக்க முடியுமா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன்.